சீராக வந்த படப்பெட்டி

என் தம்பிக்குக் காது குத்தியது சினிமாக் கொட்டகையில். இதைச் சொன்னால் என் கணவர் வீட்டில் இன்றும் யாரும் நம்புவதில்லை; நான் கதை விடுவதாகத்தான் நினைக்கிறார்கள். கொட்டகை எங்களுடையது என்பதைச் சேர்த்துச் சொன்னால் கொஞ்சம் நம்புவார்கள். நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, சைக்கிள் ஸ்டாண்டில் பந்தி போடலாம், வந்தவர்கள் வண்டி நிறுத்த இடமும் தாராளம். இத்தனை இருக்கும்போது எதற்காகக் கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். அப்பா கேட்கும் கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

கொட்டகை அன்னூருக்கும் புளியம்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை பெய்தால் வசனம் கேட்காது. ஆனால் அதற்காக யாரும் எழுந்து போனதில்லை. தறி ஓட்டுகிறவர்கள்தான் எங்கள் ஜனம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்குள் கேபிள் வயர் வந்த பிறகு அந்தக் கூட்டம் தேய ஆரம்பித்தது. அப்பா மொட்டை மாடிக்குப் போய், யார் யார் வீட்டுக்கு வயர் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த வீட்டுக்காரர்களோடு அப்புறம் அவர் சரியாகப் பேசமாட்டார். அவ்வளவு பெரிய மனிதருக்கு இது என்ன சின்னப்பிள்ளைக் கோபம் என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

படம் கொடுக்கிறவர் என் தாய்மாமா. அம்மாவுக்கு ஒரே அண்ணன். கோவை, நீலகிரி ஏரியாவுக்குப் படங்களை வாங்கி, கொட்டகைகளுக்கு வாடகைக்கு விடுகிற விநியோகஸ்தர். கோவையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய ஆபீஸ் இருந்தது. உள்ளே நுழைந்தால் போஸ்டர் பசையும் தகர வாசமும் கலந்து அடிக்கும். சினிமா என்பதையே மாமாதான் தயார் செய்கிறார் என்று வெகுநாள் வரை நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லியும் வைத்திருந்தேன். மாமா கொடுப்பார், அப்பா வாங்கிக்கொள்வார். அவருக்கு ஒரு பங்கு, இவருக்கு ஒரு பங்கு. இப்படியே பல வருஷம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

தம்பிக்குக் காது குத்திய வருஷத் தீபாவளிப் படத்தில்தான் வந்தது வினை. பெரிய நடிகர், பெரிய விலை. மாமா அதுவரை அவ்வளவு பெரிய படத்தை வாங்கியதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த வீட்டை, அதாவது அம்மா பிறந்து வளர்ந்த வீட்டை, ஆர்.எஸ்.புரத்து ஃபைனான்ஸ்காரர் ஒருவரிடம் அடமானம் வைத்து அந்தப் படத்தை எடுத்திருந்தார். போட்ட பணத்துக்கு ஒரு உத்தரவாதம் வேண்டும் அல்லவா? அதனால் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் மினிமம் கேரண்டி கட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதாவது, படம் ஓடினாலும் சரி, ஈ ஓட்டினாலும் சரி, இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கூட்டம் வந்தால் மேலே பங்கு. வராவிட்டால் கொட்டகைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

பெரிய டவுன் கொட்டகைகள் எப்படியோ சமாளிக்கும். எங்களைப் போலச் சிறிய கொட்டகைகளுக்கு அது கழுத்துக்குக் கத்தி. அந்த வட்டாரத்துக் கொட்டகைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அப்பாதான் செயலாளர். ஒரு மத்தியானம் எங்கள் கொட்டகையிலேயே கூட்டம் போட்டார்கள். வந்தவர்களுக்கு மிக்சரும் காபியும் கொடுத்தது நான். அதனால் அங்கே என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். மினிமம் கேரண்டிக்கு இந்தப் படத்தை யாரும் எடுப்பதில்லை என்று பேச்சு வந்தது. எல்லோரும் காபியைக் குடித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தார்கள்.

புளியம்பட்டிக் கொட்டகைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மச்சான் படமாச்சுங்களே. நாளைக்கு நாங்க எல்லாம் மூடிக்கிட்டு இருக்கறப்போ, உங்க கொட்டாயில மட்டும் ஓடுச்சுன்னா நல்லாருக்காதுங்க" என்றார்.

அப்பா முதலில் கையைத் தூக்கினார். அப்புறம்தான் மற்றவர்கள் தூக்கினார்கள். தீபாவளிக்குப் பழைய அம்மன் படத்தைப் போட்டு ஒப்பேற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த நடிகர் படத்தை முதல் நாளே காட்டுகிறேன் என்று வகுப்பில் பாதிப் பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை வைத்து ஒரு பென்சில் டப்பாவும் ஒரு மயிலிறகும் முன்பணமாக வாங்கியாகிவிட்டது. இந்த மனிதர் இப்படிச் சட்டென்று கையைத் தூக்கிவிட்டாரே என்று இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

தம்பியின் காதுகுத்துக்கு ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? அப்பா போய் அழைக்க முடியாத நிலைமை. அதனால் அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கோவைக்குப் போனாள்.

மாமா ஆபீஸில் ஃபோன் அடிக்கவே இல்லை. எப்போது போனாலும் இரண்டு காதிலும் ஃபோனை வைத்துக்கொண்டு பேசுகிறவர், அன்று ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக எனக்கு வாங்கித் தரும் கலர் சோடாவை மறக்காமல் வாங்கித் தந்தார். அம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

"தாய்மாமன் வராம காது குத்துவாங்களா அம்மணி? வாரேன். மடியில உக்கார வெச்சுக்கறேன், சீரும் செய்யறேன். ஆனா உங்க ஊட்டுல கை நனைக்க மாட்டேன்" என்றார் மாமா.

"அவரு சங்கத்துல வாக்குக் குடுத்துப்போட்டாருங்ணா. அவரையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்ணா."

"நானும் ஃபைனான்ஸ்காரனுக்கு வாக்குக் குடுத்திருக்கறேனே, அதுக்கு என்ன பண்றது?"

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு வந்து சாப்பிடாமல் போவது என்பது சாதாரண விஷயமல்ல. அதற்கு அப்புறம் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது என்று அர்த்தம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் இந்தச் சண்டைக்கு ஒரு சுலபமான வழி சொன்னேன். அப்பா படத்தைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். என் தலையில் லேசாக ஒரு குட்டு விழுந்தது.

காதுகுத்து அன்று காலையிலேயே கொட்டகை நிறைந்துவிட்டது. சங்கத்துக் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து, முன் வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு முன்னால் இருந்த மேடையில் சமுக்காளம் விரித்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய தம்பியை உட்கார வைத்திருந்தார்கள். மாமா வந்தார். அத்தையும் சொந்தக்காரப் பெண்களும் சீர்த்தட்டுகளை வரிசையாக ஏந்தி வந்தார்கள். தேங்காய், பழம், வெல்லம், தம்பிக்குப் பட்டு வேட்டி, தங்கக் கடுக்கன். எல்லோருக்கும் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகையும் சுற்றியிருந்தது. கொட்டகைக்காரர்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூட அது என்னவென்று தெரியும். படப்பெட்டி.

தம்பி மாமா மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது கொட்டகை அதிர அழுது, கடுக்கனும் போட்டு முடிந்தது. மாமா அவனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எம் மருமகனுக்கு மாமன் சீருங்க இது" என்று பெட்டியைக் காட்டினார். சபைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினார். "கொட்டாய்க்காரர் பையனுக்கு நான் வேற என்னத்தைக் குடுக்கறது? வாடகை வேண்டாம், மினிமம் வேண்டாம், பங்கும் வேண்டாம். தீபாவளிக்கு இங்கியே ஓட்டிக்கச் சொல்லுங்க."

எனக்கு மாமாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கடைசியில் ஒரு மனிதராவது என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டாரே! ஆனால் முன் வரிசைக்காரர்கள் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அது எப்பேர்ப்பட்ட பொறி என்று அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாய்மாமன் சீரைத் திருப்பினால் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இனி கிடையாது. வாங்கித் தீபாவளிக்கு ஓட்டினால் செயலாளர் கொட்டகையிலேயே படம் ஓடுகிறது, சங்கம் அன்றோடு சரி. மற்றவர்கள் ஒவ்வொருவராக மாமாவிடம் போய் மினிமம் கேரண்டியைக் கட்ட வேண்டியதுதான். மாமா கெட்டவர் இல்லை. வீடு போய்விடும் என்ற பயத்தில் இருந்த மனிதர் வேறு என்ன செய்வார்?

அப்பா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பெட்டியை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சீரை வாங்கிக்கிட்டனுங்க மச்சான். ரொம்ப சந்தோசம்" என்றார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். "சீருன்னா வந்த சனத்துக்கெல்லாம் விரிச்சுக் காட்டறதுதானுங்க முறை. பட்டு, கடுக்கன் எல்லாம் பாத்துட்டீங்க. இதையும் பாத்துப்போடுங்க. இப்பவே ஓட்டறோம், டிக்கெட் கிடையாது. படம் முடிஞ்சதும் பெட்டியை மச்சானே எடுத்துக்கிட்டுப் போகட்டும். சீரு எனக்கு வந்து சேந்துருச்சுங்க."

யாரோ கை தட்டினார்கள். நான்தான் என்று ஞாபகம். சீரையும் மறுக்கவில்லை, சங்கத்தையும் உடைக்கவில்லை. அதோடு பெட்டியை இங்கே விட்டுவிட்டு மாமாவால் கிளம்பவும் முடியாது. சமையல்காரர்தான் சோறு ஆறிப்போகும் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆபரேட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஓடினார். கதவுகளைச் சாத்தினார்கள். காதுகுத்துக்கு வந்த சனம் பட்டுச் சேலையும் சந்தனப் பொட்டுமாகத் தீபாவளிப் படம் பார்க்க உட்கார்ந்தது.

கொட்டகைக்காரர்கள் படம் பார்க்கிற விதமே தனி. விநியோகஸ்தர் பக்கத்தில் இருக்கும்போது முகத்தில் எதையும் காட்டமாட்டார்கள். சிரித்தால் படம் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும், பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் வாடகை ஏறிவிடும். அதனால் சண்டைக் காட்சியானாலும் தங்கச்சி சாகிற காட்சியானாலும் வரி கட்டப் போனவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அன்றும் முன் வரிசைகளில் அப்படித்தான் இருந்தார்கள். பின்னால் இருந்த பெண்களும் பிள்ளைகளும் ஆரவாரம் செய்தார்கள் என்றாலும், மாமாவுக்கு அது கணக்கில் வராது.

மாமா உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்துக் கதவோரம் நின்றுகொண்டு, படத்துக்கு முதுகைக் காட்டியபடி ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய படத்தை இவர் பார்க்கவே இல்லையே என்று எனக்கு ஆச்சரியம். திரையில் வெளிச்சம் வரும்போதெல்லாம் அவர் கண் முன் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தது. வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அப்பா வழக்கமாகக் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர் அல்ல. ஆபரேட்டர் அறைக்கு வெளியே நின்று, எத்தனை நாற்காலி காலி என்று பார்ப்பதுதான் அவருக்குப் படம். அன்று மட்டும் முன் வரிசையில், புளியம்பட்டிக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி வந்தது. கதாநாயகனின் சிநேகிதன் எருமை மேல் ஏறப் பார்க்கிறான், எருமை நகர்ந்துகொள்கிறது, அவன் கீழே விழுகிறான். அவ்வளவுதான்.

அப்பா சிரித்தார். முதலில் அது அப்பாவின் சத்தம் என்றே எனக்குத் தெரியவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு, உடம்பு குலுங்க, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எருமை இரண்டாம் தடவை நகர்ந்தபோது இன்னும் பலமாகச் சிரித்தார். புளியம்பட்டிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அன்னூர்க்காரர். அப்புறம் வரிசை முழுக்க. ஒருவரைப் பார்த்து ஒருவர், கூச்சத்தை விட்டுச் சிரித்தார்கள்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. செயலாளர், ஊரில் பெரிய மனிதர், எருமையைப் பார்த்து இப்படியா சிரிப்பார்? திரும்பி அம்மாவைப் பார்த்தேன். தூங்கிப்போன தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காது வலிக்குமே என்று அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மாமா கதவோரம் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அன்று முதல் தடவையாக உட்கார்ந்தார்.

படம் முடிந்து பந்திக்குப் போனார்கள். சோறு ஆறித்தான் போயிருந்தது. மாமா ஆட்களைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காரில் ஏற்றச் சொன்னார். காருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்பா போய் அவர் தோளில் கை வைத்து, "வாங்க மச்சான், ஒப்புட்டு உங்க தங்கச்சி கையால சுட்டது" என்றார். எங்கள் பக்கத்தில் போளிக்கு ஒப்புட்டு என்று பெயர். மாமா வந்து அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

ரசம் ஊற்றும்போது, எதிர் வரிசையில் இருந்த புளியம்பட்டிக்காரர் இலையை விட்டுத் தலையைத் தூக்காமலே, "ஏனுங்க, அட்வான்ஸு நாங்க கட்டறோமுங்க. மினிமம் மட்டும் வேண்டாமுங்க. பர்சன்டேஜ்ல போட்டுக்கலாம். ஓடுனா ரெண்டு பேருக்கும், ஓடாட்டி ரெண்டு பேருக்கும்" என்றார்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "சரிங்க" என்றார்.

மாதக்கணக்காக இரண்டு வீட்டையும் ஆட்டி வைத்த சண்டை ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் முடிந்துபோயிற்று. அந்தத் தீபாவளிக்கு எல்லாக் கொட்டகையிலும் அந்தப் படம்தான். பிரமாதமாக ஓடவில்லை, படுக்கவும் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்து வீடு தப்பித்தது. என் பென்சில் டப்பாவும் தப்பித்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் காபி கொடுக்கப் போனபோது புளியம்பட்டிக்காரர் அப்பாவைப் பார்த்து, "செயலாளர் அன்னிக்கு நல்லாத்தான் சிரிச்சீங்க" என்றார். எல்லோரும் புன்னகைத்தார்கள். அதில் புன்னகைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கொட்டகை இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. போன கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு அம்மாவிடம் போயிருந்தேன். ஒரு மத்தியானம் டிவியில் அந்தப் படம் போட்டான். நான் துள்ளி எழுந்து, மகளையும் மகனையும் பிடித்து உட்கார வைத்தேன். "இப்ப ஒரு எருமை வரும் பாருங்க. உங்க தாத்தா இதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஊரே சிரிச்சுது" என்றேன்.

எருமை வந்தது. நகர்ந்தது. அவன் விழுந்தான். மறுபடி நகர்ந்தது. மறுபடி விழுந்தான். விளம்பரம் வந்துவிட்டது.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். "இதுல சிரிக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று மகள் கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "ஒண்ணுமில்ல கண்ணு. அன்னிக்கும் ஒண்ணுமில்ல. உங்க தாத்தா எங்கண்ணனுக்காகச் சிரிச்சாரு" என்றாள்.

அந்தத் தீபாவளி முடிந்தும் வெகுநாள் வரை, அந்தச் சிரிப்பை அப்படியே நடித்துக் காட்டி நான் அப்பாவைக் கேலி செய்துகொண்டிருந்தேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.